பலூன் பம்ப் ஓடும் நோயாளியைக் கவனிப்பது எப்படி: காலில் தொடங்கித் திரைக்குப் போகும் முழு வழிகாட்டி

இரவு டூட்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றுபோலச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். பலூன் பம்ப் (இதயத்துக்கு உதவப் பெருந்தமனிக்குள் பலூனை விரித்துச் சுருக்கும் கருவி) ஓடும் கட்டிலுக்கு வந்ததும் கண் நேராக கன்சோல், அதாவது பலூனை இயக்கும் பெட்டியின் திரைக்குப் போகும். ரத்த அழுத்த அலை ஒழுங்காக ஓடினால் "எல்லாம் ஓகே அக்கா" என்று ஹேண்டோவர் முடிந்துவிடும். போர்வைக்குள் இருக்கும் கால் அப்படியே இருக்கும். இந்த பம்பால் நான் பார்த்த பெரிய சேதம் ஒன்றுகூட முதலில் திரையில் தெரியவில்லை. காலில்தான் தெரிந்தது.

ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் ஐசியு-வில் வேலைக்குச் சேரும் நர்சுகளுக்கும் டெக்னீஷியன்களுக்கும் இதை எழுதுகிறேன். பம்ப் வைப்பதா வேண்டாமா, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் எவ்வளவு, எப்போது எடுப்பது என்பதெல்லாம் டாக்டரின் முடிவு. வைத்ததிலிருந்து எடுக்கும்வரை கட்டிலருகே நிற்பவர் என்ன செய்யவேண்டும், எந்த வரிசையில் என்பதே இங்கே. கம்பெனிக்குக் கம்பெனி பட்டன் மாறும். உங்கள் கன்சோலின் கையேட்டை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு இதைப் படித்தால் நல்லது.

1. பம்ப் செய்யும் வேலை

தொடைத் தமனி வழியாக ஏற்றி, நெஞ்சுக்குள் இறங்கும் பெருந்தமனியில் நிறுத்திய நீளமான பலூன் இது. இதயம் ஓய்வெடுக்கும்போது விரிந்து, ரத்தத்தை இதயத்தின் சொந்த ரத்தக்குழாய்கள் பக்கம் தள்ளும். இதயம் சுருங்கப்போகும் கணத்துக்குச் சற்று முன்பு சுருங்கி, எதிர்ப்பைக் குறைத்து வழிவிடும். இரண்டில் எந்த நேரம் தப்பினாலும் உதவிக்கு வைத்தது உபத்திரவம் ஆகும்.

உள்ளே ஓடுவது ஹீலியம். மிக லேசான வாயு என்பதால் ஒவ்வொரு துடிப்புக்கும் கண்மூடித் திறப்பதற்குள் போய்வர முடிகிறது.

இது நோயைக் குணமாக்கும் கருவி அல்ல. 2012-ல் வெளியான ஜெர்மனி ஆய்வில், மாரடைப்பால் அதிர்ச்சி நிலைக்குப் போன 600 பேரைப் பார்த்தபோது, பலூன் வைத்ததால் 30 நாள் இறப்பு குறையவில்லை. அதனால் இப்போது எல்லோருக்கும் வைப்பதில்லை. மாரடைப்பில் மைட்ரல் வால்வைப் பிடித்திருக்கும் தசை கிழிந்தவர், இதயச் சுவரில் ஓட்டை விழுந்தவர், ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர் என்று ஆள் பார்த்து வைக்கிறார்கள். பெருந்தமனி வால்வு அதிகம் கசிகிறவருக்கும், பெருந்தமனி உள்ளுக்குள் கிழிந்தவருக்கும் வைக்கவே கூடாது. கசியும் வால்வு வழியாக ஒவ்வொரு விரிவும் ரத்தத்தை இதயத்துக்குள்ளேயே திருப்பி அடிக்கும். எக்கோ ரிப்போர்ட் ஃபைலில் இருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள். கேட்பதால் யாரும் கோபிக்க மாட்டார்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

2. ஊசி குத்துவதற்கு முன்

பெரும்பாலோர் அவசரத்தில் தாண்டிவிடும் கட்டம் இது. பிறகு தேடினால் கிடைக்காத தகவல் எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

முதலில் இரண்டு கால்களிலும் நாடி பாருங்கள். பாதத்தின் மேல்புறம் ஒன்று, உள் கணுக்காலுக்குப் பின்னால் ஒன்று. கைக்குக் கிடைக்காவிட்டால் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் கருவி). கிடைத்த இடத்தில் ஸ்கின் மார்க்கரால் பெருக்கல் குறி போட்டு, கைக்குக் கிடைத்ததா டாப்ளரில் கிடைத்ததா என்று எழுதுங்கள். நம் கரையில் பீடி, சர்க்கரை இரண்டும் சேர்ந்த கால்கள் அதிகம். வைக்கும் முன்பே நாடி இல்லாத கால் என்றால் டாக்டருக்குச் சொல்லவேண்டும், வேறு காலைத் தேர்ந்தெடுப்பார். முன்பு இருந்ததா என்று தெரியாவிட்டால், பின்னால் இல்லாமல் போனதையும் கண்டுபிடிக்க முடியாது.

பேனா மையால் குறி போடாதீர்கள். தைலமும் தேங்காயெண்ணெயும் தேய்த்துவிடாமல் நம் ஊர் சொந்தக்காரர்களால் இருக்க முடியாது. காலையில் குறி காணாமல் போயிருக்கும்.

அடுத்து இடது கை நாடியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் இடது கை என்பது அடுத்த கட்டத்தில் வரும். பிளேட்லெட், ஹீமோகுளோபின், கிரியேட்டினின் அளவுகளும் அன்றைய தேதியில் வேண்டும்.

உயரத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். பலூன் அளவு உயரத்தைப் பொறுத்தது. பரவலாகப் பயன்படும் அளவுப்பட்டியலில் 152 செ.மீ.-க்குக் கீழே 25 மி.லி., 152 முதல் 162 வரை 34 மி.லி., 162 முதல் 183 வரை 40 மி.லி. சொந்தக்காரரிடம் கேட்டால் "நம்ம உசரம்தான் இருப்பாரு" என்பார்கள். குட்டையானவருக்கு நீளமான பலூன் போனால் கீழ்முனை சிறுநீரகத் தமனியை மறைக்கும்.

கடைசியாக ஈசிஜி ஸ்டிக்கர். கடலிலிருந்து நேராக வந்தவரின் மார்பில் உப்பும் வியர்வையும் படிந்திருக்கும். மேலே ஒட்டினால் ஒரு மணி நேரத்தில் விளிம்பு தூக்கும். ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, முடி இருந்தால் வெட்டிவிட்டுப் புது ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பம்புக்கு இதயம் எப்போது துடிக்கிறது என்று சொல்வதே அந்த ஸ்டிக்கர்தான்.

3. வைக்கும்போது உதவிக்கு நிற்பவர் கவனிக்கவேண்டியவை

கன்சோலை ஆன் செய்து, ஹீலியம் சிலிண்டர் வால்வைத் திறந்து, அளவைப் பார்த்துவிட்டுப் பாக்கெட்டைப் பிரியுங்கள். பலூன் உள்ளே போனபிறகு சிலிண்டர் காலி என்று தெரிவதைவிட மோசமான நேரம் இல்லை.

பலூனில் வெற்றிடம் பிடித்துவைத்திருக்கும் ஒருவழி வால்வை, பலூன் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை கழற்றாதீர்கள். கழற்றினால் மடிப்பு பிரிந்து, ஷீத்துக்குள் (தொடைத் தமனியில் வைத்த உறைக்குழாய்) நுழையாமல் சிக்கும்.

நுனி, இடது கைக்குப் பிரியும் தமனிக்கு 1 முதல் 2 செ.மீ. கீழே இருக்கவேண்டும். மேலே ஏறினால் இடது கை நாடி மங்கும். கீழே இறங்கினால் சிறுநீர் குறையும். எக்ஸ்ரே எடுத்து டாக்டர் பார்த்து "சரி" என்று சொன்னபிறகு, ஷீத் வாயிலில் எத்தனையாவது செ.மீ. கோடு தெரிகிறது என்று சார்ட்டில் எழுதுங்கள். நகர்ந்ததா என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் அந்த எண்தான் சாட்சி.

4. டிரிக்கர்

துடிப்பை பம்ப் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறது என்பதே டிரிக்கர். சாதாரணமாக ஈசிஜி. ஆர் அலை (ஒவ்வொரு துடிப்பிலும் வரும் கூரான சிகரம்) உயரமாகத் தெரியும் லீடைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப்பின் வரும் டி அலை அதற்குச் சமமாக உயர்ந்து நின்றால் பம்ப் ஒரு துடிப்பை இரண்டாக எண்ணிவிடும்.

துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடும்போது பல கன்சோல்களில் அதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. அதில் ஆர் அலையைக் கண்டதுமே பலூன் சுருங்கிவிடும். பேஸ்மேக்கர் வைத்தவரிடம் அதன் கூரான கோட்டையே துடிப்பாக எடுக்கிறதா என்று பாருங்கள்.

இன்டர்னல் டிரிக்கர் என்று ஒன்று இருக்கும். இதயத்தைப் பார்க்காமல் தானாக ஒரே வேகத்தில் அடிப்பது அது. இதயம் துடிக்கும் ஆளுக்கு ஒருபோதும் போடாதீர்கள். இதயம் ரத்தத்தைத் தள்ளும் நேரத்தில் பலூன் விரிந்து நிற்கும்.

இதயம் நின்று நெஞ்சை அழுத்தும்போது ஈசிஜி டிரிக்கர் தடுமாறும். ரத்த அழுத்த அலையை வைத்துத் துடிப்பைக் கண்டுபிடிக்கும் பிரஷர் டிரிக்கருக்கு மாற்றுங்கள், நீங்கள் அழுத்தும் அழுத்தமே அலையாக வரும். அதுவும் கிடைக்காவிட்டால்தான் இன்டர்னல், அதுவும் பலூன் அசையாமல் கிடக்கக்கூடாது என்பதற்காக. துடிப்பு திரும்பிய நொடியே ஈசிஜி-க்கு வந்துவிடவேண்டும்.

5. டைமிங்

தற்காலத்து கன்சோல்கள் டைமிங்கைத் தானே பார்த்துக்கொள்ளும். அதற்காக நாம் பார்க்காமல் இருக்கமுடியாது. டூட்டி மாறும்போதும், துடிப்பு வேகம் மாறும்போதும் ஒருமுறை பாருங்கள்.

பார்ப்பதற்கு விகிதத்தை 1:2-க்கு மாற்றவேண்டும். 1:1-ல் எல்லாத் துடிப்புக்கும் உதவி கிடைப்பதால் ஒப்பிட எதுவும் இருக்காது. 1:2-ல் உதவியில்லாத துடிப்பும் உதவியுள்ள துடிப்பும் அடுத்தடுத்து நிற்கும். பார்த்து முடித்ததும் 1:1-க்குத் திருப்புங்கள். மறந்து 1:2-லேயே விட்டுப் போன கட்டில்களைக் காலையில் பார்த்திருக்கிறேன். அந்த ராத்திரி முழுக்க அவருக்குப் பாதி உதவிதான்.

அலையில் மூன்று இடங்களைப் பாருங்கள். இதயம் ரத்தம் தள்ளியபின் அலை இறங்கும் வழியில் ஒரு சின்னப் பள்ளம் வரும், வால்வு மூடிய இடம். பலூனின் ஏற்றம் அந்தப் பள்ளத்திலிருந்தே கூர்மையாகக் கிளம்பவேண்டும், அங்கே 'வி' வடிவம் தெரியும். இரண்டாவது, பலூன் சுருங்கியபின் வரும் அடிமட்டம், உதவியில்லாத துடிப்பின் அடிமட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கவேண்டும். மூன்றாவது, அதற்கடுத்த சிகரம் உதவியில்லாத சிகரத்தைவிடச் சற்றுக் குட்டையாக இருக்கவேண்டும். இதயத்துக்குச் சுமை குறைந்திருக்கிறது என்பதன் அடையாளம் அந்தக் குட்டைச் சிகரம். பார்ப்பவர்களோ அதைக் கண்டு பயந்து "பிபி இறங்குது" என்று ஓடிவருவார்கள்.

தவறுகள் நான்கு விதம், எல்லாம் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. தாமதமாக விரிந்தாலும் சீக்கிரமே சுருங்கினாலும் உதவி குறையும். சீக்கிரம் விரிந்தால் வால்வை முன்கூட்டியே அடித்து மூடும், இதயத்தில் ரத்தம் தேங்கும். தாமதமாகச் சுருங்குவதுதான் நான்கிலும் மோசம். இதயம் விரிந்து நிற்கும் பலூனை எதிர்த்துத் தள்ளவேண்டியிருக்கும். உதவியுள்ள துடிப்பின் அடிமட்டம் மற்றதற்குச் சமமாகவோ உயர்ந்தோ தெரிந்தால் இந்தத் தவறுதான். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

எங்கள் வார்டுக்கு வந்த ஒரு விசைப்படகு டிரைவர், தன் பலூனின் சத்தத்தைக் கேட்டபடியே "இதுக்கும் டைமிங் இருக்கா சிஸ்டர்? டைமிங் தப்புனா எஞ்சின் திருப்பி அடிக்கும்" என்றார். அதைவிட நன்றாக எனக்கும் விளக்கத் தெரியாது.

6. ஒவ்வொரு மணியும் ஒரு சுற்று, இதே வரிசையில்

வைத்த முதல் மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்து அரை மணிக்கு ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை. உங்கள் மருத்துவமனையின் கணக்கு வேறாக இருந்தால் அதன்படி. ஆனால் வரிசையை மாற்றாதீர்கள்.

போர்வையை விலக்கி இரண்டு பாதங்களையும் ஒரே நேரத்தில் தொடுங்கள், உங்கள் வலது கை ஒன்றில், இடது கை மற்றதில். ஒரு பாதத்தை மட்டும் தொட்டு "ஏசி குளிர்" என்று முடிவுகட்டுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு. நானும் செய்திருக்கிறேன். பல வருடம் முன்பு, வேறு ஒரு ஊரில், பலூன் வைத்த பாதம் சில்லென்று இருந்ததை ஏசி மேல் போட்டு ஒரு மணி நேரம் விட்டேன். அடுத்த சுற்றில் மற்ற பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. இது மட்டும் வெளுத்து, விரல் நுனி நீலம் பாரித்திருந்தது. டாக்டர் ஓடிவந்து பலூனை எடுத்தார், கால் தப்பியது. அன்றிலிருந்து இரண்டு கை.

தொட்டபின் நாடி, நிறம், கட்டைவிரலை அசைக்கச் சொல்வது, மரத்துப்போகிறதா என்று கேட்பது. கெண்டைச்சதை கல்லாகிறதா என்று அழுத்திப்பாருங்கள். வலியோ மரத்துப்போவதோ நாடி போவதற்கு முன்பே வரலாம், ஆகவே அவர் சொல்வதை அலட்சியம் செய்யாதீர்கள்.

பிறகு தொடை. கட்டுத்துணி ரத்தத்தில் நனைந்திருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா, செ.மீ. எண் அதேதானா. கையை இடுப்புக்கு அடியிலும் விட்டுப் பாருங்கள், ரத்தம் கீழ்நோக்கி ஓடி முதுகுக்கடியில் தேங்கும். மேலே துணி சுத்தமாக இருக்கும்.

பிறகு இடது கை நாடி. பிறகு சிறுநீர்ப் பை, மணிக்கு எடையில் கிலோவுக்கு 0.5 மி.லி.-க்குக் குறைந்தால் பலூன் இறங்கியதா என்ற சந்தேகம் எழவேண்டும். பிறகு கேஸ் குழாய், கட்டிலின் கம்பியில் சிக்கியோ மடங்கியோ இருக்கிறதா, உள்ளே சிவப்போ பழுப்போ தெரிகிறதா. இவ்வளவும் முடிந்தபிறகே திரை.

பலூன் வைத்த கால் நேராகவே இருக்கவேண்டும், கட்டிலின் தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் உயரக்கூடாது. இடுப்பு மடங்கினால் குழாய் மடங்கும், நுனியும் மேலேறும். இதைச் சொந்தக்காரருக்குச் சொல்லாமல் விட்டால் நடப்பது வேறு. கீழக்கரைக்காரர் ஒருவரின் மகன் ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவின் முட்டிக்கடியில் தலையணை வைத்துவிட்டார். அலாரம் அடித்து நான் போனபோது, "வாப்பாவுக்கு இடுப்பு வலிக்குதுன்னாங்க சிஸ்டர், அதான்" என்றார். பிள்ளை மேல் குற்றமில்லை. காரணத்தோடு சொல்லியிருக்கவேண்டியது நான். இப்போது யார் உள்ளே வந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதுகு வலித்தால் எங்களைக் கூப்பிடுங்கள், உடம்பை ஒரே கட்டையாகத் திருப்பிவிடுவோம்.

பிளேட்லெட் தினமும் பாருங்கள். பலூன் அடிப்பதிலேயே கொஞ்சம் உடையும்.

7. நடுக் குழாய்

பலூனின் நடுவே ஒரு மெல்லிய குழாய் போய் நுனியில் திறக்கும், அழுத்தத்தை அளப்பதற்கு. அது திறக்கும் இடத்திலிருந்து மூளைக்குப் போகும் தமனிகள் விரற்கடை தூரம். அங்கே போகும் ஒரு காற்றுக்குமிழியும் ரத்தக்கட்டியும் எங்கே போய்ச் சேரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே அதிலிருந்து ரத்தப் பரிசோதனைக்கு எடுக்காதீர்கள். சிரிஞ்சு வைத்து வேகமாகத் தள்ளாதீர்கள். அலை மங்கினால் முதலில் பிரஷர் பேக் (குழாய்க்குள் திரவத்தைத் தள்ளும் அழுத்தப் பை) 300 mmHg-ல் நிற்கிறதா, குழாயில் குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் சரியாகவில்லை என்றால் டாக்டர்.

8. அலாரம் அடித்தால்

சத்தத்தை நிறுத்துவதற்கு முன் நோயாளியின் முகத்தைப் பாருங்கள். பிறகு திரையில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

டிரிக்கர் இல்லை என்றால், பத்தில் எட்டு முறை ஸ்டிக்கர் கழன்றிருக்கும். கேஸ் கசிவு, குழாய் அடைப்பு என்று வந்தால் தொடையிலிருந்து கன்சோல்வரை குழாயை விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். கண் தவறவிடும் மடிப்பு விரலில் அகப்படும்.

கேஸ் குழாயில் ரத்தமோ, காப்பித்தூள் போன்ற துகளோ தெரிந்தால் பலூன் கிழிந்துவிட்டது. பம்பை நிறுத்துங்கள், குழாயை கன்சோலிலிருந்து பிரித்து கிளாம்ப் போடுங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. உள்ளே போன ரத்தம் இறுகிக் கட்டியானால் பலூன் சுருங்காது, தொடை வழியாக வெளியே வராது, ஆபரேஷன் செய்துதான் எடுக்கவேண்டிவரும்.

நம் கரையின் ஈரக்காற்றில் அதே குழாயில் நீர்த்துளி கோப்பதும் உண்டு. அது நிறமில்லாமல் இருக்கும். வெள்ளைத் துணியைப் பின்னால் பிடித்தால் வித்தியாசம் தெரியும். டெக்னீஷியனிடம் சொல்லி வெளியேற்றச் சொல்லுங்கள்.

எக்காரணத்தாலும் பலூன் 30 நிமிடத்துக்கு மேல் உள்ளே அசையாமல் கிடக்கக்கூடாது, மடிப்புகளில் ரத்தம் உறையும். கன்சோல் கெட்டுப்போனால் கையால் சிரிஞ்சு வைத்து விரித்துச் சுருக்கவேண்டும். முதலில் இழுத்துப் பார்த்து ரத்தம் வரவில்லை என்று உறுதிசெய்த பிறகு மட்டும். எத்தனை மி.லி., எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்பதை உங்கள் மாடலின் கையேட்டிலிருந்து எழுதி, சிரிஞ்சோடு சேர்த்து கன்சோலிலேயே ஒட்டி வையுங்கள். கரண்ட் போன இருட்டில் கையேடு தேட முடியாது.

9. மதுரைக்கு ஏற்றும்போது

ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குச் சுமார் 115 கி.மீ. ராமேஸ்வரம் தீவிலிருந்து நேராகக் கிளம்பினால் அதோடு இன்னொரு 55 கி.மீ. கணக்கு எளிது. பயணத்துக்கு ஆகும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு பேட்டரி, இரண்டு மடங்கு ஹீலியம், இரண்டு மடங்கு ஆக்சிஜன். பரமக்குடியில் லாரி கவிழ்ந்து ரோடு அடைத்த நாளில் இந்தக் கணக்கின் அருமை தெரிந்தது.

ஆம்புலன்சின் பிளக்கில் கன்சோலைச் சொருகி, வண்டி நின்ற இடத்திலேயே 10 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பிளக் இருக்கும், கரண்ட் வராது, அப்படிப்பட்ட வண்டிகளும் உண்டு.

கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது ஒருவர் அந்தக் காலையும் குழாயையும் மட்டும் பிடிக்கவேண்டும், வேறு எதையும் தூக்கக்கூடாது. கன்சோலை ஸ்ட்ரெச்சர் நகரும் அதே பக்கமாக, முன்கூட்டியே வைத்துவிடுங்கள். மாற்றி முடித்ததும் செ.மீ. எண், பாத நாடி, பிறகு அலை. வண்டியில் ஏற்றியபின் மீண்டும் அதே மூன்று.

ஓடும் வண்டியின் குலுக்கலில் ஈசிஜி கோடு நடுங்கி டிரிக்கர் தவறலாம். அப்போது பிரஷர் டிரிக்கர் உதவும், கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். போய்ச்சேரும் ஐசியு-வில் எந்தக் கம்பெனி கன்சோல் என்று போனில் கேளுங்கள். குழாயின் இணைப்பு பொருந்தாவிட்டால் அடாப்டர் வேண்டும், நடு இரவில் அதைத் தேடி அலையவேண்டியிருக்கும்.

10. குறைப்பதும் எடுப்பதும்

1:1-லிருந்து 1:2, பிறகு 1:3 என்று டாக்டர் குறைக்கச் சொல்வார். ஒவ்வொரு படியிலும் பிபி, துடிப்பு, மூச்சு, சிறுநீர் பாருங்கள். 1:3-ல் நீண்டநேரம் விடக்கூடாது, மெதுவாக அசையும் பலூனில் ரத்தம் உறையும். எடுக்கத் தாமதமாகும் என்றால் 1:1-க்கே திருப்பச் சொல்கிறாரா என்று கேளுங்கள்.

எடுப்பவர் பம்பை நிறுத்தி, குழாயைப் பிரித்தபின் பலூனையும் ஷீத்தையும் ஒன்றாகவே இழுப்பார். ஒருமுறை விரிந்த பலூன் ஷீத்துக்குள் திரும்ப நுழையாது. முதலில் துளைக்குக் கீழே அழுத்தி, மேலிருந்து ஓரிரு துடிப்பு ரத்தம் பீறிட விடுவார். கட்டி ஏதும் இருந்தால் வெளியே வரட்டும், காலுக்குள் போகவேண்டாம் என்பதற்காக. புதிதாகப் பார்ப்பவர் அலறவேண்டாம். பிறகு துளைக்கு மேலே, குறைந்தது 30 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து அழுத்தவேண்டும். இடையில் எடுத்து எட்டிப்பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

அழுத்தம் விட்டதும் மார்க்கர் குறியில் விரல் வையுங்கள். பிறகு 15 நிமிடத்துக்கு ஒருமுறை அதே இரண்டு பாதம், அதே இரண்டு கை. கால் நேராக 6 முதல் 8 மணி நேரம். இருமினால் தொடையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக்கொடுங்கள். குறியை அடுத்த நாள் காலைவரை அழிக்காதீர்கள், தைலம் தேய்க்க வருகிறவரிடமும் சொல்லிவையுங்கள்.